ஏழு வரை

சாவகச்சேரி வலயக் கந்தோரில் இரண்டு நாள் பட்டறை.
ஒரு கோவை, ஒரு நீலப் பேனை,
பத்தரைக்கு வடையும் பிளேன்ரீயும்.
"உங்கட பாடத்தை நீங்களே ஒருக்கால்
பதிஞ்சு கேளுங்கோ" என்றார் வளவாளர்,
இருபத்திரண்டு வருசம் படிப்பிக்கிறவளிடம்.
சிரிப்பைக் கோவைக்குள் வைத்து மூடினேன்.

பிறகும் பதிந்தேன். தரம் ஏழு, பின்னங்கள்.
வீடு போகும் கொடிகாமம் பஸ்ஸில்
காதில் வயரைச் செருகினால்
என் குரல்.
என் குரல்.
"அரையின் பாதி எவ்வளவு?"
அதே மூச்சில் "கால்தானே."
அடுத்ததில் "விளங்குதோ?"
"ஓம் ரீச்சர்" என்று முப்பத்தொரு வாய்.
கேள்விக்கும் விடைக்கும் நடுவில்
ஒரு இலையான் நுழைய இடமில்லை.

மறுநாள் கேட்டேன்: மூன்றில் ஒன்றின் பாதி?
கேட்டுவிட்டு வாயைப் பூட்டினேன்.
மனதுக்குள் ஒன்று. இரண்டு.
மூன்றில், வெண்கட்டி விரலில் ஈரமானது.
நான்கில் விறாந்தையால் வந்த அதிபர்
ரீச்சர் இல்லையோ என்று எட்டிப் பார்த்தார்,
என்னைக் கண்டார், இன்னும் குழம்பிப் போனார்.
ஐந்து. யாரோ சிரித்தார்கள்.
ஆறு, இவ்வளவு நீளமா ஆறு?

ஏழில், கடைசி வாங்கிலிருந்து லதுர்சன்:
"ஐஞ்சில ஒண்டு."

பிழை.
தை மாதத்திலிருந்து
அவன் சொன்ன முதல் விடை.

"எப்பிடி எடுத்தனீ?"
"மூண்டும் ரெண்டும், ரீச்சர்."
கூட்டியிருக்கிறான்.
எத்தனை வருசமாய் எத்தனை பேர்
என் முதுகுக்குப் பின்னால் கூட்டியிருப்பார்கள்,
"ஓம் ரீச்சர்" என்றபடி.

ஒரு கடதாசியை அவனிடம் கொடுத்தேன், மடிக்க.
மணி அடித்தபோதும் மடித்துக்கொண்டிருந்தோம்.
பதிவேட்டில், செய்து முடித்த கணக்குகள் என்ற கட்டத்தில்
ஒன்று என்று எழுதிக்
கையொப்பம் வைத்தேன்.