ரொஹேலியோவின் விரல்

ஆலையில் அப்பாவுக்கு ரொஹேலியோ என்று பெயர்.
வீட்டில் பர்னபே.
இரண்டு பேருக்கும் நடுவே
பதினோரு நிமிடக் கார்ப் பயணம்,
பின்விளக்கு எரிகிறதா என்று
இரண்டு முறை சுற்றிவந்து பார்த்த பிறகு.

டால்டனில் பாதி ஊர் கம்பளம் நெய்கிறது.
விடியலில் திரும்பும் அப்பாவின் இமைமயிரைப் பார்த்தே
இரவு ஓடிய நிறத்தைச் சொல்லிவிடுவோம்
நானும் தம்பி வில்மரும்.
நீலம் என்றால் ஏதோ பள்ளிக்கூடத்துக்கு.
சாம்பல், ஆஸ்பத்திரி.
ஒருமுறை கருஞ்சிவப்பு.
சினிமா கொட்டகை என்றான் வில்மர்,
போய்வந்தவன் மாதிரி.
எங்கள் வீட்டிலும் கம்பளம் உண்டு.
முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனது,
அவர்களுடைய நாயின் வாடையோடு.

ரொஹேலியோ நிஜமாகவே இருக்கிறார், டெக்சாஸில்.
மாதம் நூற்றிருபது டாலர்
பேருக்கு வாடகை.
பேருக்குத்தானே என்று ஒரு மாதம் தள்ளிப்போட முடியாது.
அம்மா காலண்டரில்
வீட்டுக்கு ஒரு வட்டம் போடுவாள்,
பெயருக்கு ஒரு வட்டம்.

ஏழு வயதில் பள்ளியில் காய்ச்சல்.
நர்ஸ் ஆலைக்குப் போன் செய்தாள்.
பர்னபே என்று இங்கே யாரும் இல்லை என்றார்கள்.
மூன்று மணிவரை படுத்திருந்தேன்
நடுவில் விரிசல் விட்ட ரெக்ஸின் கட்டிலில்.
அப்பா இல்லாத பிள்ளை என்று நினைத்து
அவள் எனக்கு இரண்டு ஜூஸ் கொடுத்தாள்.
நான் திருத்தவில்லை.
ஆரஞ்சு ஜூஸ்.

நான் பத்தாவது படிக்கும்போது
வெட்டும் இயந்திரம் அப்பாவின் சுண்டுவிரலில் பாதியை எடுத்தது.
ஆஸ்பத்திரித் தாள்களை நான்தான் நிரப்பினேன்.
காயம்பட்டவர்: ரொஹேலியோ.
இழந்தது: இடதுகை, சிறுவிரல், பாதி.
டெக்சாஸில் அந்த மனிதர்
பத்து விரலாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து
எங்கோ போய்க்கொண்டிருந்திருப்பார்.
அவருக்குத் தெரிந்திருக்காது.
வாடகையைக் கூட்டவில்லை, அவ்வளவுதான்.

கணக்கு வாத்தியார் மிஸ்டர் டெட்ரிக் நல்லவர்.
படித்து அப்பாவுக்குப் பேர் வாங்கிக் கொடு என்பார்.
எந்தப் பேர் என்று கேட்க
நாக்கு நுனிவரை வரும்.

மார்ச்சில் கல்லூரியிலிருந்து கடிதம்.
இடம் உண்டு.
கட்டணம் மட்டும் மூன்று மடங்கு.
பதினைந்து வருஷமாய் ஒரே தெருவில் இருப்பவளை
வெளிமாநிலத்தாள் என்று எழுதியிருந்தார்கள்.
அம்மாவுக்கு ஸ்பானிஷில் வாசித்துக்காட்டினேன்.
வெளியே என்றால் எதற்கு வெளியே என்றாள்.
நான் ஜன்னலைக் காட்டினேன்.
பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

உதவித்தொகைப் படிவம் வேறு.
தந்தையின் வருமானம், சான்று இணைக்கவும்.
சம்பளச் சீட்டில் இருப்பவர் என் தந்தை இல்லை.
என் தந்தைக்குச் சம்பளமே இல்லை.
அப்புறம் எண் கேட்கும் அந்த ஒன்பது கட்டம்.
அதை இரவெல்லாம் வெறித்தேன்,
யாரோ நிரப்பிவிட்டுப் போவார்கள் என்பதுபோல.

வில்மர் இங்கே பிறந்தவன்.
அவனுடைய எண்
பிஸ்கட் டப்பாவில், தடுப்பூசி அட்டைக்கு அடியில்.
காலையில் டப்பாவோடு வந்து நின்றான்.
ஒன்பது வயது, தலை கலைந்து, ஒரு கால் சாக்ஸோடு.
"இதை எடுத்துக்கோ,
நான் இப்போதைக்கு உபயோகிக்கலே."
கொஞ்சம் யோசித்து,
"வாடகை வேண்டாம்."

அம்மா சிரித்தாள்.
சிரித்துக்கொண்டே எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.
தண்ணீர் வெகுநேரம் ஓடியது.
பாத்திரம் எதுவும் கழுவியதாகத் தெரியவில்லை.

அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார்.
பூட்ஸைக் கழற்றும்போது
அந்த அரை விரல் கயிற்றைத் தேடித் தவறவிட்டது.
இமையில் பச்சை,
இதுவரை பார்க்காத வெளிர்பச்சை.
எந்தக் கட்டடத்துக்கு என்று
நாங்கள் இருவரும் சொல்லவில்லை.
டப்பா மேசைமேல் திறந்தே கிடந்தது.