கடைசியாக நடப்பவள்

என் வேலை எண்ணுவது.
தாம்சன் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் பதினெட்டுப் பேர்.
மெய் ஃபோங் முன்னால், மஞ்சள் குடையை உயர்த்தியபடி.
நான் பின்னால்,
விசிலும் பிளாஸ்திரியும் பெயர்ப் பட்டியலுமாக.

வார நாளில் மின்தூக்கி பழுதுபார்க்கிறேன்.
எத்தனை பேர் ஏறலாம், எத்தனை கிலோ தாங்கும்,
எல்லாம் உள்சுவரில் எழுதியிருக்கும்.
காட்டில் அப்படியில்லை.
முதல் வளைவிலேயே பதினேழு.
பதறித் தேடினால்
ஒருவர் வேருக்குப் பின்னால் மண்டியிட்டுக்
காளானைப் படமெடுக்கிறார்.
பதினெட்டு.

மழை விட்டும் தூவானம் விடவில்லை;
நேற்றிரவுப் பெய்ததை
இலைக்கு இலை கைமாற்றி
இப்போதுதான் கீழே அனுப்புகின்றன மரங்கள்.

"இங்கே ஓர் ஊர் இருந்தது"
என்று மெய் ஃபோங் நிற்கிறாள்.
பார்க்கிறோம்.
பெரணி. பெரணி. துருவேறிய குழாய்.
மறுபடி பெரணி.
ஹைனானிலிருந்து வந்தவர்கள், ரம்புத்தான் நட்டவர்கள் என்கிறாள்.
நட்டது நிற்கிறது, காய்க்கிறது.
விலை கேட்காமல் தின்கின்றன குரங்குகள்,
தோலை நம் தலையில் போடுகின்றன.

பிறகு அந்தப் படிகள்.
மூன்றே மூன்று, சிமெண்ட், ஓரம் உடைந்தது.
மேலே வீடு இல்லை.

சுற்றிப் போக இடம் தாராளமாக இருந்தது.
யாரும் சுற்றிப் போகவில்லை.
வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஏறினார்கள்.
நூருல் ஹிதாயா காலணிச் சேற்றை
முதல் படியின் விளிம்பில் வழித்துவிட்டு ஏறினாள்.
ஆறடி ராஜ்வீர்
மூன்றாம் படியில் தலையைக் குனிந்தார்,
இல்லாத நிலை இடித்துவிடும் என்பதுபோல்.
இரட்டையரில் ஒருத்தி இன்னொருத்தியிடம்
"கதவைச் சாத்து, கொசு வரும்" என்றாள்.
யாரும் சிரிக்கவில்லை.
தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார் ஒருவர்,
டெங்கிச் சோதனைக்கு வந்தவர் மாதிரி.

அப்போதுதான் மெய் ஃபோங் விரலை உதட்டில் வைத்தாள்.
கிளைகளுக்குள் கறுப்பாக ஏதோ நகர்ந்தது.
மந்திகள். ஒன்று, இரண்டு,
மூன்றாவதின் வயிற்றில்
காகிதம்போல் வெளுத்த குட்டி.
நான்கும் தாவிய பிறகு
ஐந்தாவது மட்டும் நின்றது,
வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தது,
தாவியது.

உள்ளே பத்தொன்பது பேர்.
வெளியே நான்.

தினமும் இருபத்தைந்தாம் மாடிவரை போய் வருகிறேன்,
ஒரு வீட்டுக்குள்ளும் போனதில்லை.
கதவு திறக்கும், மூடும்,
குழம்பு வாசம் ஒரு நொடி வந்து போகும்,
நான் கம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

காலணியைக் கழற்றலாமா என்று தோன்றியது.
அட்டை இருக்கும். கழற்றவில்லை.
ஆனாலும் படியேறும்போது
எந்தக் கால் முதலில் என்று யோசித்து நின்று,
மாற்றி,
வலது காலை வைத்தேன்.

அந்தப் பக்கம் இறங்கினால் வெறும் காடு.
சருகு. ஈரம். யாரோ உரித்த ஆரஞ்சின் வாசனை.
"யாரப்பா குப்பை போட்டது?" என்று கத்தினேன்,
சொந்த வீடு மாதிரி.

நிறுத்தத்தில் மீண்டும் எண்ணினேன், பதினெட்டு.
எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இரவு, ஈசூனில், குளியலறையில்
காலுறையை உருட்டும்போது
கணுக்காலில் ஓர் அட்டை,
வயிறு முட்டக் குடித்து,
உறங்கிக்கொண்டிருந்தது.

பட்டியலில் இல்லாதது.
பேருந்தில் ஏறியது,
பன்னிரண்டு மாடி என்னோடு மின்தூக்கியில் வந்தது,
என் வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்திருக்கிறது,
எந்தக் காலும் வைக்காமல்.