மூன்று துணி

முதலில் ஒரு நோட்டு வாங்கினோம்.
செலவில் அதுதான் முதல் வரி:
இரண்டாயிரம் துக்ரிக்.
பூர்வே சிரித்தான். எழுது, என்றேன்.

கம்பளி ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
ஒரு பூஜ்யம் இடம் மாறினால்
யார் வீட்டில் அடுப்பு எரியாதென்று தெரிந்தவள்.
அவன் ஓட்டுவது முப்பத்தேழாம் எண் பேருந்து.
இரண்டு சம்பளம், ஒரு கடன், இருபது வருடம்.
கடன் தீரும்போது
உந்த்ராவுக்கு இருபத்தேழு வயதாகியிருக்கும்.
வங்கிக்காரி அதைச் சொல்லவில்லை,
நான்தான் ஓரத்தில் கூட்டிப் பார்த்தேன்.

வட்டக் கூடாரமென்றால் கவலையில்லை.
ஆகாத இடத்தில் நின்றுவிட்டால்
மதியத்துக்குள் பிரித்து, லாரியில் ஏற்றி
வேறு மேட்டில் விரித்துவிடலாம்.
செங்கல் அப்படி மன்னிக்காது.

ஆகவே, உலான்பாத்தர்மேல்
புகை எழுந்திருக்காமல் படுத்தே கிடக்கும் ஜனவரியில்
பழைய படுக்கை விரிப்பை மூன்றாகக் கிழித்தேன்.
மூன்று மனை, மூன்று வேலி.
சாயங்காலம் கட்டிவிட்டு வந்தோம்.
விடிந்ததும் போய்ப் பார்த்தோம்.

வடக்குச் சரிவு: விலை குறைவு.
துணி, அடுப்பு துடைத்த கந்தல்.
பூர்வே அதை மூக்கருகே கொண்டுபோய்
ஒன்றும் சொல்லாமல் பையில் திணித்தான்.
தண்ணீர்க் கடை வேறு மேட்டுக்கு அந்தப்புறம்.

தெற்கே, தூல் ஆற்றங்கரை: ஏறக்குறைய வெள்ளை.
தரகர் விலையைச் சொன்னபோது
ஏன் வெள்ளை என்று புரிந்தது.

கிழக்கே, ஓடைப்பக்கம்:
துணியையே காணோம்.
திருட்டுத் தெரு, எழுது,
என்றான் பூர்வே, என் குரலில்.
பென்சிலை எடுத்துவிட்டேன்.
அதற்குள் பக்கத்துக் கதவு திறந்தது.
முழங்கை வரை மாவோடு ஒரு பெண்:
"கொடியிலிருந்து பறந்து வந்ததென்று நினைத்தேன்.
உங்களுடையதா?"
துவைத்திருந்தாள்.
அடுப்போரம் காயவைத்து நான்காக மடித்திருந்தாள்.
சோப்பு வாசனை.

இப்போது என்ன எழுதுவது?
இந்தத் தெருவின் புகை எவ்வளவு கறுப்பு என்று
இனி தெரியாது. சோதனை கெட்டது.
அந்த அடுப்பும் கரி அடுப்புதான்;
துணி காய்ந்த சூட்டின் புகை
வேறெங்கே போயிருக்கும்?
பெயர் கேட்டேன். நன்சல்மா.
வேலியில் முழங்கால் உயரத்தில் ஓடிய சேற்றுக்கோட்டை
அவளே விரலால் தொட்டுக் காட்டினாள்:
"போன கோடை. விற்கிறவன் இதைச் சொல்லமாட்டான்."

இரவு முழுக்கக் கூட்டல்.
மண் உறையும் ஆழத்துக்கும் கீழே
இறங்கவேண்டும் அஸ்திவாரம்;
பணத்தில் பாதி
யாரும் பார்க்காத குழிக்குள்.
வெள்ளத்துக்கு நான்கு வரிசை செங்கல் கூடுதல்:
போனது கார்.
சுவருக்குள் பதினைந்து சென்டிமீட்டர் பஞ்சு:
போனது ஓர் அறை.
விரலுக்கேற்ற வீக்கம் என்பார்கள்.
நாங்கள் விரலையே தேடிக்கொண்டிருந்தோம்.
புகைக்கென்று ஒரு வரி; எண் கிடைக்கவில்லை.
கேள்விக்குறி போட்டேன்,
ஆலையில் ஒருநாளும் போடாத குறி.
கடைசி வரிக்குப் பூர்வே தலைப்பு வைத்தான்:
'மறந்தது.' நூற்றுக்குப் பத்து.
எதை மறந்தோம் என்றேன்.
தெரிந்தால் அது மறந்ததாகுமா என்றான்.

அந்தத் துணியை எந்தக் கட்டத்தில் வைப்பது,
வரவிலா, செலவிலா?
இன்னும் வைக்கவில்லை.
ஓடைப்பக்க மனைக்கான தாளில்
அடையாளத்துக்குக் கிடக்கிறது.
முன்பணம் கட்டிய ரசீதும் அதன் மடிப்பில்தான்.

உந்த்ரா அங்கிருந்து பள்ளிவரை
காலடி எண்ணி நடந்து வந்தாள்:
ஆயிரத்து நாற்பது, நடுவில் ஒரு நாய்.
நாயை எப்படி எழுதுவது என்று கேட்டாள்.
தனி வரியில், என்றேன்.

மே வரை மண் இளகாது.
கடப்பாரை பட்டால் தீப்பொறிதான்.
அதுவரை வீடு பென்சிலில்.
நேற்றிரவு சமையலறை ஜன்னலை
நன்சல்மாவின் வேலிப்பக்கம்
ஒரு சாண் நகர்த்தினேன்,
காசு செலவில்லாமல்.