எல்லை

வழக்கு இலக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன்.
சிங்களத்தில், கோட்டுக்காக.
தமிழில், கூண்டில் நின்றவளுக்காக.
அட்டனில் அன்று விடிந்ததிலிருந்தே பனிமூட்டம்.
ஜன்னல் வழியாக வந்து
பின் பெஞ்சில் ஆட்களோடு உட்கார்ந்திருந்தது.

அடையாள அட்டையில் பூமணி.
ஞானஸ்நானத்துக்குப் பிறகு எஸ்தர்.
மேல்பிரட்டுத் தோட்டம், ஏழாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா.
செவ்வாயும் வெள்ளியும்
பதினோரு பேர், ஒரு தம்புரு.
குற்றம்: பொதுத் தொல்லை.

முறைப்பாட்டுக்காரர் ஒண்டிவீரன், ஐந்தாவது காம்பரா.
பத்து மணிக்கு ஸ்டோரில் ரோலர் ஓட்டப் போகிறவர்.
சாயங்காலம் ஏழு என்றால்
அவருக்கு நடுச்சாமம்.

லயத்துச் சுவரை நீதவான் பார்த்திருக்க மாட்டார்.
அது கூரை வரை போகாது.
ஆள் உயரம் ஏறி அலுத்து நின்றுவிடும்.
அதற்கு மேலால்
கருவாட்டு வாசம் போகும், இருமல் போகும்,
புருஷன் பெண்டாட்டி குசுகுசுப்பு போகும்,
இப்போது அல்லேலூயா.
“அரைச் சுவர், கனம் ஐயா” என்றேன்.
கேட்காததைச் சொன்னதற்கு
ஒரு பார்வை கிடைத்தது.

சட்டத்தரணி இளையவர். கட்டணம் வாங்கவில்லை.
பத்தாம் உறுப்புரை என்றார்:
நினைக்க, நம்ப,
நம்பியதை விட்டு வேறொன்றை நம்ப.
அதற்கு வேலி கிடையாது.
பதினான்கு என்றார்: கூடிக் கும்பிட, வாய்விட்டுச் சொல்ல.
பொலிஸ் பதினைந்தைக் காட்டியது:
ஒழுங்கு, சுகாதாரம், அடுத்தவர் உரிமை.
ஒன்பதை யாரும் தொடவில்லை.
சந்தி அரச மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி
விடியற்காலை ஐந்துக்குப் பிரித் ஓதும்போது
நானும் அதைத் தொட்டதில்லை.
எழும்பித் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவேன்.

இத்தனையையும் ஒரே மூச்சில்
கூண்டுக்குச் சொல்ல வேண்டும்.
மட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றேன்.
அவள் முகத்தில் ஒன்றும் நகரவில்லை.
“எல்லை” என்றேன்,
“சுதந்திரத்துக்கு எல்லை இருக்கு.”

ஒண்டிவீரன் எழுந்துவிட்டார்.
“எல்லையின்னா எங்க முனியாண்டி நிக்கிற எடமுங்க.
அங்க கெடா வெட்டக்கூடாதுன்னு
போன வருசம் இதே கோட்டுலதான் சொன்னீங்க.
சாமி ஒரு வருசமா
பூசணிக்கா தின்னுட்டு நிக்கிது.”

சிரிப்பு.
என்ன சொல்கிறார் என்று நீதவான் கேட்டார்.
முழுவதையும் சொன்னேன், பூசணிக்காய் உட்பட.
அவர் சிரிக்கவில்லை.
எதையோ எழுதி, அதை வெட்டினார்.

கட்டளை: ஏழுக்கு மேல் தம்புரு கூடாது.
உரிமை பற்றிய கேள்வி உயர் நீதிமன்றத்துக்குரியது.
கொழும்பு. ஒரு மாதத்துக்குள்.
எஸ்தர் விரல் மடக்கிப் பார்த்தாள்.
இன்றைக்கு வந்ததற்கே பேர் போய்விட்டது.
தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
அந்தப் பேர் செக்ரோலில்
இன்னும் பூமணிதான்.

“மிஸ், சத்தமில்லாம
மனசுக்குள்ள பாடலாமான்னு கேளுங்க.”
கேட்டேன்.
நீதவான் பேனாவை மூடிச் சிங்களத்தில் சொன்னதை
அப்படியேதான் இறக்கி வைத்தேன்:
“அதை யாரும் கேட்கத் தேவையில்லை.”
சொன்ன பிறகுதான் உறைத்தது.
அனுமதி கேட்பதா,
காதால் கேட்பதா?
சிங்களத்தில் அவை இரண்டு சொல்.
அவர் சொன்னது ஒன்றைத்தான்.
திருத்துவதற்கு எழுந்தேன்.
அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேல்பிரட்டுக்கு நாலரைக்கு ஒரே பஸ்.
ஸ்டாண்டில் கடலை வாங்கிக்கொண்டு நின்றபோது பார்த்தேன்.
ஒரே சீட்.
வேறு சீட் இல்லை.
பஸ் கிளம்ப முன்பே ஒண்டிவீரன் தூங்கிவிட்டார்.
அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது,
என்ன பாட்டென்று தெரியவில்லை.
அவர் தலை அவள் தோள் பக்கம் சரியச் சரிய
மடியிலிருந்த பையை எடுத்து
நடுவில் நிறுத்தினாள்.
அரைச் சுவர் உயரத்துக்கு.