எப்போ தொடங்குச்சு

டாக்டர் இங்குக்குத் தெரிந்த தமிழில்
பிழையில்லாமல் வருவது மூன்றே சொல்:
காய்ச்சல் எப்போ தொடங்குச்சு?

பகாவில் யாரும்
கடிகாரத்தைப் பார்த்துக் காய்ச்சலில் விழுவதில்லை.
"ரெண்டாவது லோரி குலை ஏத்திப் போன பிறகு."
"மழை வந்து வேலைய நிறுத்துனாங்களே, அதுக்குக் கொஞ்சம் முன்ன."
"பாசார் மாலாம் அன்னிக்கு.
அப்பாம் பாலிக் தின்னும்போதே நாக்கு கசந்துச்சு."
ஆலைச் சங்கு காதைக் குடைந்தது என்றார் ஒருவர்.
எந்தச் சங்கு, காலையா மாலையா
என்று நான் கேட்க வேண்டியிருந்தது.

மருந்துக் கவுண்டரில் நான்.
இவர்கள் பொழுதை மணியாக மாற்றுவது
சம்பளச் சீட்டில் இல்லாத என் வேலை.
விரல் மடக்கி எண்ணுவேன்.
முப்பது. நாற்பத்தொன்று. ஐம்பத்தாறு.
நாற்பத்தெட்டைத் தாண்டினால்
பேனா பெரும்பாலும் பனடோலுக்குத் திரும்பிவிடும்.

அந்த மருந்து, பெட்டிக்குப் பத்து.
காலை ஒன்று இரவு ஒன்று, ஐந்து நாள்.
வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும்,
ரெண்டு பிஸ்கட்டாவது தின்னுங்க என்பேன்.
விலையைச் சொல்லும்போது மட்டும்
குரல் தானாகத் தணியும்.

"இது போட்டா உடனே நின்னுடுமா?"
இல்லை. ஒரு நாள் முன்னால் எழுந்திரிக்கலாம்.
"ஒரு நாளா?"
குலை அறுக்கும் மாசிலாமணி சிரித்தான்.
"ஒரு நாள் கூலியவிட
ஒரு நாளோட விலை கூடவா இருக்கே, அக்கா."
எம்.சி. தாளை நான்காக மடித்துப் பையில் வைத்து
இருமிக்கொண்டே மோட்டாரை உதைத்தான்.
அந்த வாரமே வேலைக்கும் திரும்பினான்,
மருந்தில்லாமல்.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை யோகமலர் வந்தாள்.
ஏழு மாதம்.
நாற்காலியின் விளிம்பில், மூச்சு வாங்க.
எப்போ தொடங்குச்சு?
"இன்னிக்குக் காலைல."
சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை, பேருந்து நிலையத்துக்கு எதிரே,
ரொட்டிக் கடை வரிசையில்
முழங்கை மடிப்புக்குள் இருமிக்கொண்டு நின்றவளை
நான் பார்த்திருந்தேன்.
கண் அன்றே சிவப்பு.
ஐம்பது மணி. ஐம்பத்திரண்டாகவும் இருக்கலாம்.

லயத்தில் பேச்சு பரவியிருக்கிறது:
ரெண்டு நாள் தாண்டிட்டா தரமாட்டாங்க.
யார் வாயிலிருந்து?
என் கவுண்டரிலிருந்துதான், வேறெங்கிருந்து.

டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திச்
சொல்லிவிட்டேன்.
சொன்ன பிறகு கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.
அவர் தலை தூக்கவேயில்லை.
"வயித்துல பிள்ளை இருக்கு.
மூணாவது நாளும் கொடுக்கலாம். நாலாவது நாளும்."
பாதி மலாய், பாதி தமிழ்.
எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார்: இப்போதே.
மூச்சு இன்னும் முட்டினால்
நேரே ஜெம்போல் மருத்துவமனை.

அப்படியானால் அந்தப் பொய்
யாருக்கும் தேவைப்படாத பொய்.
செம்பனைக்கு நடுவே பதினோரு கிலோமீட்டர்,
புருஷன் முதுகில் நெற்றியைச் சாய்த்து
அதைச் சொல்லிப் பார்த்தபடி வந்திருக்கிறாள்:
இன்னிக்குக் காலைல.
இன்னிக்குக் காலைல.

தண்ணீர் கொடுத்தேன். என் பிஸ்கட்டில் ரெண்டு.
முதல் காப்சூலைக் கவுண்டரிலேயே விழுங்கினாள்.
"அக்கா, நெசத்தச் சொல்லட்டா?"
வேணாம். போய்ப் படு.
ராத்திரிக்கு ஒண்ணு, மறந்துடாதே.

சாயங்காலம் இரும்புக் கதவை இழுக்கையில்
தொண்டையில் மெல்லிய முள்.
முதுகில் குளிர், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டதுபோல்
அங்கொன்று இங்கொன்று.
கடிகாரம் உள்ளே மாட்டியிருக்கிறது.
பூட்டைத் திறக்கச் சோம்பல்.

கடைசிக் குலை லோரி
முச்சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தது.
அப்போதுதான்.