இறங்குகிற எண்

முப்பத்திரண்டாம் நாள்
சிவலையின் வாலடியில் எடுத்த ரத்தம்
ரெஜிபோம் பெட்டிக்குள், ஐஸ்பழக் கடை ஐஸில்,
இளவாலையிலிருந்து என் மேசைக்கு வந்தது.
தட்டுக் குழியில் மஞ்சள் கடுத்தது.
சுண்டுவிரல் நகமளவு கரு,
தன் புரதத்தைத் தாயின் ரத்தத்தில் கசியவிட்டு
இருக்கிறன் என்றது.

'கண்டுத்தாச்சிதான்' என்றேன் ரெலிபோனில்.
றெஜீனாக்கா அன்றைக்கே
எள்ளுப் பிண்ணாக்கைக் கூட்டிவிட்டா,
பால் சங்கத்துக் கடன் கிடக்கத்தக்கதாக.

நாற்பத்தாறாம் நாள், எண் பாதி.
கரண்ட் நின்று வந்ததாலோ,
என் கைப்பிழையோ என்று
திரும்பவும் ஓட்டினேன்.
பாதிக்கும் கீழே நின்றது.

'இன்னும் இருக்குத்தானே, டொக்டர்?'
நான் டொக்டர் இல்லை அக்கா,
சோதிக்கிறவன்.
இருக்கிறது புரதம்.
கரு போன பிறகும் கொஞ்ச நாள்
அது ரத்தத்தில் ஓடும்.
உடனே அழியாது.

அவ பேசவில்லை.
மாட்டு மணி கேட்டது,
வாளி ஒன்று இழுபட்ட சத்தமும்.
பேந்து சொன்னா:
'எங்கட குடும்ப அட்டையிலயும்
யூட்டின்ர பேர் கிடக்கு.
விதானையார் வருசா வருசம் கேக்கிறார்.
நான் வெட்ட விடேல்லை.'

படிவத்தில் இரண்டே கட்டம்:
சினை. சினையில்லை.
இரண்டையும் வெறுமையாக விட்டு
ஓரத்தில் எழுதினேன்,
பத்து நாளில் திரும்ப ரத்தம் எடுக்கவும்.

பிண்ணாக்கைப் பற்றி
அவவும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.