காத்திருந்த நேரம்

கடைசி வாங்கில் நிறுத்தற்கடிகாரத்தோடு இருப்பவள்
மிஸ் ப்ரீசன்.
நான் உயர்தரப் பரீட்சை எழுதிய வருடம் பிறந்தவள்.
அவள் கையெழுத்து விழுந்தால்தான்
வினிப்பெக்கில் நான் கணித ரீச்சர்.

முதல் வாரக் குறிப்பில் எழுதியிருந்தாள்:
கேள்வி கேட்ட பிறகு நீங்கள் காத்திருந்த நேரம்,
சராசரியாக, 0.9 செக்கன்.
அதற்குள் பதிலையும் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள்.

உண்மைதான்.
பதினாறு வருடம் பேக்கரியில் காசு மேசையில் நின்றவள்.
அங்கே மௌனம் என்றால்
வரிசை நீளுகிறது என்று அர்த்தம்.
அதற்கும் முன்னால்
நாற்பத்தெட்டுப் பேர் ஒரே தொண்டையாய்
"சயவும் சயவும் சக" என்று கத்திய வகுப்பு;
ஏன் என்று கேட்க
ஒரு செக்கனும் மிச்சம் வைக்காத வகுப்பு.

ஆகவே வீட்டில் பழகினேன்.
வெறும் பால் பெட்டியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தது யார்?
கேட்டுவிட்டு வாயை மூடினேன்.
நான்காவது செக்கனில் கணவர் கூரையைப் பார்த்தார்.
ஆறாவதில் மகன் "நான்தான்" என்றான்.
ஒன்பதாவதில், யாரும் கேட்காமலே,
கார்க் கண்ணாடி உடைந்த கதையைக் கணவர் சொன்னார்.
இவ்வளவு காலமும்
எத்தனை பதில்களின் மேல் ஏறி நின்று
பேசியிருக்கிறேன்.

பெப்ரவரி. வெளியே சய முப்பத்தொன்று.
ஒன்பதாம் வகுப்பு, சாப்பாட்டுக்குப் பிந்திய பாடம்.
ஈரச் சப்பாத்து மணம். ஹீற்றர் எங்கேயோ தட்டுகிறது.
பலகையில் எழுதினேன்: (−3) × (−2).
விடை ஆறு என்று உங்களுக்குத் தெரியும்.
ஏன் ஆறு?

ஒன்று.
வழக்கம்போல் அன்னலீஸின் கை. கண்ணால் பொறு என்றேன்.
இரண்டு. மூன்று.
யாரோ பேனாவை விழுத்தினார்கள்.
நான்கு.
ஐந்தில் ஜெரிக்கோ சிரித்தான்,
நான் பாடத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்து.
ஏழு.
பிடரியில் வியர்வை, சய முப்பத்தொன்றில்.
எட்டு,
பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது.

ஜன்னலோரம்,
மூன்று வாரமாய்த் தொப்பி கழற்றாத, வாய் திறவாத டேரியன்
பலகையைப் பாராமல்
வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"மணிக்கு மூண்டு பாகை இறங்குது எண்டு வையுங்கோ, மிஸ்.
ரெண்டு மணித்தியாலத்துக்கு முதல்
ஆறு பாகை கூட இருந்திருக்கும்."

ஆங்கிலத்தில்தான் சொன்னான்.
எனக்கு இப்படித்தான் கேட்டது.

பிறகு, யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல்:
"காலமை பஸ் வரேல்லை. நிண்டு கணக்குப் பாத்தனான்."

சய என்றால் தேய்தல்.
பத்து வயதிலிருந்து வாயில் கிடந்த சொல்
கண்ணாடிக்கு அப்பால்
பாகை பாகையாய்த் தேய்ந்துகொண்டிருந்ததை
அன்றைக்குத்தான் கண்டேன்.

"மிகச் சரி" பல்லு வரைக்கும் வந்தது.
விழுங்கினேன்.
யாராவது இதை வேறு விதமாய்ச் சொல்லுங்கள் என்றுவிட்டு
திரும்பவும் நின்றேன்.
மூன்று கைகள்.
ஒன்று ஜெரிக்கோவுடையது.

பின்னேரம் மிஸ் ப்ரீசன் தந்த தாளில்:
காத்திருந்த நேரம், 14 செக்கன்.
அதன் கீழே ஒரு கோடு,
பாராட்டா எச்சரிக்கையா தெரியவில்லை.
அடுத்த வரி:
பலகையின் கீழ்ப்பாதி பின்வாங்குக்குத் தெரிவதில்லை.
அதற்கடுத்தது:
இன்று வரவு எடுக்க மறந்துவிட்டீர்கள்.